ஒரே துப்பாக்கி, இரண்டு வேகம்... எந்த ஸ்கோப் வாங்கலாம்?

துப்பாக்கி ஒன்று. குறிபார்க்கும் புள்ளியும் ஒன்று. சுடுகிற கையும் மாறவில்லை. மேகஸினில் இருக்கும் தோட்டாவை மட்டும் மாற்றினால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் இரண்டாவது குண்டு சுமார் 40 சென்டிமீட்டர் கீழே போய்ப் படுகிறது. துப்பாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை. ஸ்கோப்பும் நகரவில்லை. வேலையைக் காட்டியது புவியீர்ப்பு விசை.

அமெரிக்காவில் '.300 பிளாக்அவுட்' ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஒலியைவிட வேகமாகப் பாயும் 'சூப்பர்சானிக்' தோட்டா, ஒலியைவிட மெதுவாகப் போகும் 'சப்சானிக்' தோட்டா இரண்டையும் ஒரே குழலில் சுடலாம் என்பதுதான் இந்த ரகத்தின் பெருமை. ஆனால், அதற்கு மேலே எந்த ஸ்கோப்பைப் பொருத்துவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடைக்காரர் எடுத்துக்காட்டும் விலை உயர்ந்த ஸ்கோப் பல நேரங்களில் சரியான பதிலாக இருப்பதில்லை.

எதற்காக இரண்டு வேகம்?

சாதாரண வெப்பநிலையில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. அதைத் தாண்டிப் பறக்கும் குண்டு, போகும் வழியெல்லாம் சாட்டையைச் சொடுக்கியதுபோல 'பளீர்' என்று ஓர் ஓசையை எழுப்பிக்கொண்டே போகும். குழலின் முனையில் மாட்டும் சைலன்ஸரால் வெடிமருந்தின் சத்தத்தைக் குறைக்க முடியும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் குண்டின் சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சத்தமும் வேண்டாம் என்றால் ஒரே வழி, குண்டை ஒலியைவிட மெதுவாக அனுப்புவதுதான்.

இதற்காகவே 1990-களின் தொடக்கத்தில் ஜே.டி.ஜோன்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் '.300 விஸ்பர்' என்ற தோட்டாவை உருவாக்கினார். அதே வழியில் 'அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் கார்ப்பரேஷன்' நிறுவனம் .300 பிளாக்அவுட் தோட்டாவைக் கொண்டுவர, 2011 ஜனவரியில் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அங்கே பரவலாகப் புழங்கும் ஏ.ஆர்.-15 துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றினால் போதும். மேகஸின் உட்பட மற்ற எல்லாம் பழையதே. இது வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைலன்ஸர் வைத்திருக்க 42 மாநிலங்களில் அனுமதி உண்டு. 1934-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சைலன்ஸருக்கும் 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வரி பூஜ்ஜியமாகிவிட்டது. பதிவு செய்யும் நடைமுறை மட்டும் தொடர்கிறது.

இந்தத் துப்பாக்கிக்கு அதிக வேலை கொடுக்கும் இடங்களில் ஒன்று டெக்ஸாஸ். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பன்றிகள் காட்டுக்குள் புகுந்து பெருகி, இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமாக இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஒரே இரவில் சோளக்காட்டை உழுதுபோட்டதுபோல ஆக்கிவிடும். நிலத்தின் சொந்தக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் இந்தப் பன்றிகளைச் சுட, வேட்டை லைசென்ஸ்கூட தேவையில்லை என்று 2019-ல் சட்டத்தையே தளர்த்திவிட்டார்கள். பன்றிகள் கூட்டமாகத்தான் வரும். ஒரு வெடிச்சத்தம் கேட்டால் அத்தனையும் ஓடிவிடும். அதனால் அங்கே சப்சானிக் தோட்டாவுக்கும் சைலன்ஸருக்கும் கிராக்கி.

மாங்காய்க் கணக்கு

மாமரத்தில் கல்லெறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பலமாக வீசினால் காய்க்கு நேராகக் குறிவைக்கலாம். மெதுவாக வீசினால், காய்க்கு மேலே குறிவைத்தால்தான் கல் வளைந்து வந்து காயில் படும். மெதுவான கல் காற்றில் கூடுதல் நேரம் இருக்கிறது. காற்றில் இருக்கும் நேரம் கூடக்கூட, பூமியும் அதைக் கூடுதலாகக் கீழே இழுக்கிறது.

.300 பிளாக்அவுட்டில் பரவலாக விற்கும் சூப்பர்சானிக் குண்டு சுமார் 8 கிராம் எடை இருக்கும். தோட்டாப் பெட்டியில் 125 கிரெயின் என்று போட்டிருப்பார்கள். அது குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 675 மீட்டர் வேகம், அதாவது ஒலியைப்போல இரண்டு மடங்கு. சப்சானிக் குண்டின் எடை சுமார் 14 கிராம், பெட்டியில் 220 கிரெயின். வேகம் நொடிக்கு 305 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

100 மீட்டரைக் கடக்க வேகமான குண்டுக்கு 0.16 நொடி போதும். மெதுவான குண்டுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, 0.33 நொடி. நேரம் இரண்டு மடங்கானால் கீழே இறங்கும் அளவு நான்கு மடங்காகிவிடும். முதல் குண்டு அந்தத் தூரத்துக்குள் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. இரண்டாவது குண்டு 54 சென்டிமீட்டர் இறங்குகிறது. வித்தியாசம் 42 சென்டிமீட்டர். 50 மீட்டரில் இதே வித்தியாசம் 10 சென்டிமீட்டர்தான். 200 மீட்டரிலோ 1.7 மீட்டர்வரை போய்விடும், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம்! குழலின் நீளம், தோட்டாவின் பிராண்டு ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும், ஸ்கோப் தேர்வுக்கு இவைதான் அஸ்திவாரம்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, இரண்டில் எந்தத் தோட்டாவை அதிகம் சுடப்போகிறீர்கள்? 'ரெண்டையும்தான்' என்பது பதில் ஆகாது. பத்துத் தடவை சுட்டால் எட்டுத் தடவை ஏதோ ஒன்றுதான் மேகஸினில் இருக்கும். அந்த ஒன்றுக்குத்தான் ஸ்கோப்பின் 'ஜீரோ'வை, அதாவது குறியும் குண்டும் ஒன்றுசேரும் புள்ளியைப் பூட்ட வேண்டும். இன்னொரு தோட்டாவுக்கு அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, எவ்வளவு தூரம்? வீட்டைச் சுற்றி, தீவனத் தொட்டியைச் சுற்றி 50 மீட்டருக்குள்தான் என்றால் தேவை மிகவும் எளியது. 100 மீட்டரைத் தாண்டும் என்றால் பட்டியல் மாறிவிடும்.

மூன்றாவது, எந்த வெளிச்சம்? நண்பகலா, அந்தி மங்கலா, நள்ளிரவா? பன்றி வெளியே வரும் நேரத்தை நினைத்தால், பலருக்கும் தேர்வை முடிவுசெய்வது இந்தக் கேள்விதான்.

ரெட் டாட்: கிட்டத்தில் கில்லாடி

கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி ஒன்று மட்டும் தெரியும். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே குறிபார்க்கலாம். கண்ணை இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில மாடல்களில் ஒரு பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். 50 மீட்டருக்குள் இரண்டு தோட்டாவுக்கும் வித்தியாசம் 10 சென்டிமீட்டர்தான் என்பதால், மனக்கணக்கிலேயே சமாளித்துவிடலாம்.

பிரச்னை தூரத்தில் வரும். இருப்பது ஒரே புள்ளி. அதற்குக் கீழே 42 சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்ட அடையாளம் எதுவும் இருக்காது. பரவலாக விற்கும் 2 எம்.ஓ.ஏ. அளவுப் புள்ளி, 100 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டர் இடத்தை மறைத்தும்விடும். இந்தக் குறையைத் தீர்க்க 'ஈஓடெக்' நிறுவனம் .300 பிளாக்அவுட்டுக்கென்றே இரண்டு புள்ளிகள் கொண்ட மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. மேல் புள்ளி வேகமான குண்டுக்கு, கீழ்ப் புள்ளி மெதுவான குண்டுக்கு.

ஒன்று முதல் ஆறு மடங்கு: பலருக்கும் பொருந்துவது

'எல்.பி.வி.ஓ.' என்று அழைக்கப்படும் ரகம் இது. ஒரு மடங்கில் வைத்தால் ரெட் டாட் போலப் பயன்படும். திருகினால் நான்கு, ஆறு, எட்டு மடங்குவரை பெரிதாகும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் குறிக்கோடுகள் இருக்கும். இதை 'ரெட்டிகிள்' என்பார்கள். நடுப்புள்ளிக்குக் கீழே அளவுகோல் போல வரிசையாகக் கோடுகள் இருந்தால், மெதுவான குண்டுக்கு எந்தக் கோட்டை இலக்கில் வைக்க வேண்டும் என்று பழகிக்கொள்ளலாம்.

இரண்டு வேகத்துக்கும் சேர்த்தே குறிக்கோடுகளை வரைந்த ஸ்கோப்களும் உண்டு. நிக்கான் நிறுவனத்தின் 'பி-300' அந்த வகையில் பேசப்பட்ட ஒன்று. அந்த ரெட்டிகிளின் பெயரே 'சூப்பர்சப்'. நிக்கான் பிறகு துப்பாக்கி ஸ்கோப் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. 'பிரைமரி ஆர்ம்ஸ்' போன்ற நிறுவனங்களும் .300 பிளாக்அவுட்டுக்கான ரெட்டிகிள்களைத் தந்திருக்கின்றன. இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கோடுகள் குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட வேகத்தை வைத்து வரையப்பட்டவை. உங்கள் குழல் குட்டையானது என்றாலோ, தோட்டா வேறு பிராண்டு என்றாலோ கோடு பொய் சொல்லும். அட்டையில் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இன்னொரு பொறி, உருப்பெருக்கம். சில ஸ்கோப்களில் படம் பெரிதாகும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். இவற்றை 'ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன்' என்கிறார்கள். எத்தனை மடங்கில் வைத்தாலும் கோட்டின் கணக்கு மாறாது. 'செகண்ட் ஃபோகல் பிளேன்' வகையில் கோடுகள் அப்படியே நிற்கும், படம் மட்டும் பெரிதாகும். அப்போது கோட்டின் கணக்கு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும். ஆறு மடங்கில் 42 சென்டிமீட்டரைக் காட்டும் கோடு, மூன்று மடங்குக்குத் திருகினால் 84 சென்டிமீட்டரைக் காட்டும். அவசரத்தில் இதை மறந்தால் குண்டு இலக்குக்கு 42 சென்டிமீட்டர் மேலே பறந்துவிடும். கோட்டை நம்பிச் சுடப்போகிறவர்களுக்கு முதல் வகையே பாதுகாப்பானது.

மங்கலான வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வகுத்தல் உதவும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸை ஆறு மடங்கில் வைத்தால் 4 மில்லிமீட்டர். இருட்டில் இளம் வயதினரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர்வரை விரியும். அந்தி நேரத்தில் படம் கறுத்துத் தெரிந்தால், ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் உருப்பெருக்கத்தை மூன்று அல்லது நான்குக்குக் குறைத்துப் பார்க்கலாம்.

இருட்டுக்கு தெர்மல்

உடலின் வெப்பத்தை வைத்துப் படம் காட்டும் தெர்மல் ஸ்கோப், இரவு வேட்டைக்காரர்களின் கனவுப் பொருள். நல்ல மாடல்களுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். இரண்டு தோட்டா சுடுபவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பல மாடல்களில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி ஜீரோவைச் சேமித்து வைக்கலாம். மெனுவில் மாற்றினால் குறிப்புள்ளி தானாக நகர்ந்துவிடும். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. மேகஸினை மாற்றிய கை மெனுவை மாற்ற மறந்தால், அந்த விலை உயர்ந்த கருவி தவறான இடத்தைத் துல்லியமாகக் காட்டும்.

42 கிளிக்

ஸ்கோப்பின் மேலே இருக்கும் திருகைத் திருகியும் குறியை மாற்றலாம். 0.1 மில் அளவு கொண்ட திருகில் ஒரு 'கிளிக்' என்பது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் 42 கிளிக் திருகினால் வேகமான குண்டிலிருந்து மெதுவான குண்டுக்கு மாறிவிடலாம். நிதானமாக உட்கார்ந்து சுடுபவருக்கு இது நல்ல வழி. ஓடத் தயாராக நிற்கும் விலங்குக்கு முன் 42 வரை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். வேட்டைக்குப் போகும்போது சைலன்ஸர் மாட்டியிருப்பீர்கள் என்றால், அதை மாட்டியே ஜீரோ செய்ய வேண்டும். அதன் எடை குழலின் அதிர்வையே மாற்றிவிடும். பிறகு இரண்டு தோட்டாவையும் 25, 50, 75, 100 மீட்டரில் சுட்டு, குண்டு விழுந்த இடத்தைச் சீட்டில் எழுதித் துப்பாக்கியில் ஒட்டிவைக்க வேண்டும். குண்டு கீழே மட்டும் இறங்கும் என்று நினைப்பதும் தவறு. சில துப்பாக்கிகளில் இரண்டாவது தோட்டா பக்கவாட்டிலும் விலகும். அதை அட்டைதான் காட்டிக்கொடுக்கும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறையும். 30 டிகிரி வெயிலில் 349 மீட்டராக இருப்பது, உறைநிலைக் குளிரில் 331 மீட்டருக்கு இறங்கிவிடும். கோடையில் சத்தமின்றிப் போன தோட்டா, அதன் வேகம் எல்லையை ஒட்டி இருந்தால், பனிக்கால அதிகாலையில் 'பளீர்' என்று சொடுக்கலாம்.

லென்ஸால் முடியாதது

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், மெதுவான குண்டை 200 மீட்டர் குண்டாக மாற்றிவிடாது. கிளம்பும்போதே அதன் ஆற்றல், வேகமான குண்டின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். பாதையும் செங்குத்தாக வளைகிறது. 150 மீட்டர் என்று நினைத்த பன்றி உண்மையில் 170 மீட்டரில் நின்றால், அந்த 20 மீட்டர் தவறுக்காகக் குண்டு சுமார் 24 சென்டிமீட்டர் கீழே போகும். வேகமான குண்டில் இதே தவறு 6 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு டிபன் தட்டு அளவுதான். 24 சென்டிமீட்டர் தவறினால் குண்டு காலிலோ வயிற்றிலோ படும். அந்த உயிர் புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

எனவே சப்சானிக் தோட்டாவுக்கு 100 மீட்டரையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கோப் பட்ஜெட்டில் கொஞ்சத்தை எடுத்து, தூரத்தை அளக்கும் லேசர் கருவி ஒன்றை வாங்குவது இன்னும் நல்லது. தூரம் தெரியாதவருக்கு எத்தனை கோடு இருந்தும் பயனில்லை.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசமானது. மெதுவான குண்டுக்கு ஜீரோ செய்துவிட்டு, மறதியில் வேகமான குண்டைச் சுட்டால், அது 100 மீட்டரில் இருக்கும் விலங்கின் முதுகுக்கு மேலே பறந்து வெகுதூரம் போகும். பின்னால் மண்மேடு இருந்தால் தப்பித்தோம். அடுத்த பண்ணையின் வீடு இருந்தால்?

கலரில் இருக்கிறது உயிர்

கடைசியாக ஒரு விஷயம். இது ஸ்கோப்போடு சேர்ந்தே பேசப்பட வேண்டியது. .300 பிளாக்அவுட் தோட்டா, .223 மற்றும் 5.56 ரகத் துப்பாக்கியின் அதே மேகஸினில் அச்சாகப் பொருந்தும். சில வகைக் குண்டுகள் தவறுதலாக அந்தத் துப்பாக்கியின் அறைக்குள்ளும் ஏறிவிடும். விசையை இழுத்தால், தன்னைவிடக் குறுகலான குழலுக்குள் குண்டு திணிக்கப்பட்டு துப்பாக்கியே வெடிக்கும். இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் விவரம் தெரிந்தவர்கள் .300 மேகஸினைத் தனி நிறத்தில் வாங்குகிறார்கள், அல்லது கலர் டேப் சுற்றிவைக்கிறார்கள். வேகமான தோட்டாவுக்கு ஒரு நிறம், மெதுவான தோட்டாவுக்கு இன்னொரு நிறம். ஸ்கோப்பில் ஒட்டும் சீட்டிலும் அதே நிறங்கள். கை எந்த நிறத்தை எடுத்ததோ, கண் அந்த நிற வரியைப் பார்க்கும். செலவு சில டாலர்கள்தான்.

தேர்வைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. 50 மீட்டருக்குள்தான் வேலை என்றால் ரெட் டாட் போதும். பகலிலும் அந்தியிலும் 100 மீட்டருக்கு மேலும் வேகமான தோட்டாவைச் சுடுபவர்களுக்கு, கோடுகள் உள்ள ஒன்று முதல் ஆறு மடங்கு ஸ்கோப், ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் வகையில். இரவு மட்டும்தான் என்றால், பணம் இருப்பவர்களுக்கு தெர்மல். மூன்றில் எதை வாங்கினாலும் தோட்டாவுக்கு மட்டும் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அட்டையில் சுட்டுச் சுட்டுத் தன் துப்பாக்கியின் 42 எது என்று கண்டுபிடிக்காதவருக்கு, எந்தக் கடையிலும் சரியான ஸ்கோப் கிடைக்காது.